காட்டுக்குள் இருக்கும் ஊர் தன் கிராம சபையைக் கூட்டித் தண்ணீர், பள்ளி, சாலை பெறுவது எப்படி

மலையில் இருக்கும் ஒரு பழங்குடி ஊருக்குக் குடிநீர்க் குழாயோ அங்கன்வாடியோ வராமல் போவதற்குப் பணமில்லாதது மட்டுமே காரணமாக இருப்பதில்லை. நிதி ஒதுக்கி, மதிப்பீடு தயாரித்து, ஒப்பந்ததாரர் வரை பேசி முடித்த பிறகும் “வன நிலம், அனுமதி இல்லை” என்ற ஒற்றை வரியோடு கோப்பு திரும்பி வந்துவிடுகிறது. அந்த வரிக்கான பதில் 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. அந்தச் சட்டத்தின் 3(2) பிரிவின்படி, ஊரின் கிராம சபை பரிந்துரைத்தால், 1980-ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டப்படி மத்திய அரசின் அனுமதிக்குக் காத்திராமல், 13 வகையான பொது வசதிகளுக்கு வன நிலத்தை மாவட்ட அளவிலேயே ஒதுக்கலாம். ஆனால் பரிந்துரைக்க வேண்டியது எந்தக் கிராம சபை என்பதில்தான் பெரும்பாலான ஊர்கள் முதல் அடியிலேயே சறுக்குகின்றன. ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன். இதில் சொல்லப்படும் நடைமுறை இந்தியா முழுவதற்கும் பொதுவானதென்றாலும், எடுத்துக்காட்டுகளும் அலுவலகப் பெயர்களும் தமிழ்நாட்டு மலை ஊர்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை.

ஊராட்சியின் கிராம சபை வேறு, ஊரின் கிராம சபை வேறு

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் ஊராட்சித் தலைவர் கூட்டுவது தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் கீழ் நடக்கும் கிராம சபை. மலைப்பகுதியில் ஓர் ஊராட்சிக்குள் இருபது, முப்பது குடியிருப்புகள் பல கிலோமீட்டர் இடைவெளியில் சிதறிக் கிடக்கும். அடிவாரத்தில் கூட்டம் நடக்கும்போது மேலேயிருக்கும் ஊர்க்காரர்கள் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு இறங்கி வந்தாலும், எண்ணிக்கையில் சிறுபான்மையாகவே உட்கார்ந்திருப்பார்கள். அவர்களின் காட்டைப் பற்றிய முடிவை அவர்களல்லாத பெரும்பான்மை எடுத்துவிடும் நிலை இதனால்தான் வருகிறது.

வன உரிமைச் சட்டம் சொல்லும் கிராம சபை அதுவன்று. சட்டத்தின் 2(ஜி) பிரிவு ஒரு கிராமத்தின் வயதுவந்தோர் அனைவரும் சேர்ந்ததே கிராம சபை என்கிறது. 2(பி) பிரிவு, வனக் கிராமங்கள், பழைய குடியிருப்புகள், அளவை செய்யப்படாத ஊர்கள் ஆகியவற்றையும், அரசிதழில் கிராமமாக அறிவிக்கப்பட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும், ‘கிராமம்’ என்றே ஏற்றுக்கொள்கிறது. கோவை மாவட்ட இருளர்கள் ‘பதி’ என்றும், தோடர்கள் ‘மந்து’ என்றும், முதுவர்கள் ‘குடி’ என்றும் அழைக்கும் ஒவ்வோர் இடமும் தனித்தனியே ஒரு கிராம சபையாக அமைய முடியும் என்பதே இதன் பொருள். இருபது வீடுகள் மட்டுமே இருப்பது ஒரு தடையே அன்று.

தமிழ்நாட்டில் இது கூடுதல் முக்கியத்துவம் பெறுவதற்கு ஒரு காரணமுண்டு. மகாராஷ்டிரம், ஒடிசா, சத்தீஸ்கர் உள்ளிட்ட 10 மாநிலங்களில் அரசமைப்பின் ஐந்தாம் அட்டவணைப் பகுதிகள் இருப்பதால், அங்கு 1996-ஆம் ஆண்டின் பெசா சட்டம் (அட்டவணைப் பகுதிகளுக்கு ஊராட்சி முறையை விரிவாக்கும் சட்டம்) பழங்குடி ஊர்களின் தன்னாட்சியைப் பொதுவாகவே ஏற்கிறது. தமிழ்நாட்டில் 37 பட்டியல் பழங்குடிகளும், 2011 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 7.95 லட்சம் பழங்குடி மக்களும் இருந்தும், அட்டவணைப் பகுதி என ஓர் அங்குலம்கூட அறிவிக்கப்படவில்லை. ஆகவே பெசா இங்கே செல்லாது. இங்குள்ள காட்டு ஊர் தன்னைத் தானே ஆள்வதற்கான சட்டக் கதவு என்று கைகாட்டக் கூடியது பெரும்பாலும் வன உரிமைச் சட்டம் ஒன்றுதான். அந்தக் கதவும் தாமதமாகவே திறந்தது. 2008-இல் சென்னை உயர் நீதிமன்றம் பிறப்பித்த ஓர் இடைக்கால ஆணையால் இங்கு உரிமைப் பட்டா வழங்குவது முடங்கிக் கிடந்தது. 2016-இல் உச்ச நீதிமன்றம் அதை நீக்கிய பிறகே பணிகள் நகரத் தொடங்கின. “அண்டை மாநிலத்தில் கிடைத்தது நமக்கேன் கிடைக்கவில்லை” என்று கேட்கும் பெரியவர்களிடம் இந்த எட்டாண்டுகளைச் சொல்லியே ஆக வேண்டும்.

கூட்டத்தைக் கூட்டுதல்

முதல் கூட்டத்தை ஊராட்சி கூட்டித் தர வேண்டும் என்பது விதி. எனவே ஊரில் பத்துப் பதினைந்து பேர் கையெழுத்திட்டு, “எங்கள் குடியிருப்பை வன உரிமைச் சட்டப்படித் தனிக் கிராமமாகக் கொண்டு, அதன் கிராம சபையை எங்கள் ஊரிலேயே கூட்டித் தர வேண்டும்” என்று ஊராட்சித் தலைவருக்கு மனு கொடுங்கள். நகல்களைக் கோட்டாட்சியருக்கும் மாவட்டப் பழங்குடியினர் நல அலுவலருக்கும் அனுப்புங்கள். கோட்டாட்சியருக்கு அனுப்புவதற்குக் காரணம், அவர்தான் சட்டப்படியான உட்கோட்டக் குழுவின் தலைவர் என்பதே. கிராம சபைக்கு வனத்துறை, வருவாய்த்துறை வரைபடங்களையும் வாக்காளர் பட்டியலையும் கொடுக்க வேண்டிய கடமையும், விண்ணப்பப் படிவங்களை இலவசமாகக் கிடைக்கச் செய்யும் கடமையும் அந்தக் குழுவுக்கே இருக்கின்றன. வரைபடத்தை இந்த முதல் மனுவிலேயே கேட்டுவிடுங்கள். பின்னால் தனியாகக் கேட்டால் இன்னொரு சுற்று அலைச்சல்.

ஊரில் ஏற்கெனவே ஓர் ஆட்சி முறை இருக்கிறது என்பதை மறந்துவிட்டுக் கூட்டம் நடத்தினால் அது வெறும் அரசுக் கூட்டமாகவே முடியும். கேரளத்தின் அட்டப்பாடி இருளர் ஊர்களில் மூப்பன், வண்டாரி, குறுதலை, மண்ணுக்காரன் என்று நால்வர் பொறுப்பிலிருப்பார்கள்: மூப்பன் ஊரின் தலைவர், வண்டாரி கருவூலப் பொறுப்பாளர், குறுதலை மூப்பனுக்குத் துணை, மண்ணுக்காரன் மண்ணையும் விதைப்பையும் அறிந்தவர். கேரளத்தில் ‘ஊருக்கூட்டம்’ என்ற அந்த மரபுப் பெயரையே அரசும் எடுத்துக்கொண்டுவிட்டது. ஆகவே நாள் குறிப்பதையும் ஊரை அழைப்பதையும் மூப்பனிடமே விடுங்கள். விழா, சாவுச் சடங்கு, தேன் எடுக்கும் காலம், காப்பிப் பழம் பறிக்கும் காலம் ஆகியவற்றை விலக்கி நாள் குறிக்க அவருக்குத்தான் தெரியும். ஆனால் ஓரிடத்தில் சட்டம் மரபுக்கு விட்டுக்கொடுப்பதில்லை. பல ஊர்களின் மரபுக் கூட்டங்களில் பெண்கள் திண்ணையோரம் நின்று கேட்பார்களே தவிர, முடிவில் அவர்கள் குரல் பதிவாவதில்லை. 2012-இல் திருத்தப்பட்ட விதிகளின்படி ஊரின் வயதுவந்தோரில் பாதிப் பேராவது வந்திருக்க வேண்டும். வந்தவர்களில் மூன்றிலொரு பங்காவது பெண்களாக இருக்க வேண்டும். 86 வயதுவந்தோர் உள்ள ஊரென்றால் 43 பேர். அந்த 43-இல் குறைந்தது 15 பேர் பெண்கள். பட்டா கோரும் உரிமை விண்ணப்பங்களைப் பற்றிய தீர்மானம் என்றால், விண்ணப்பதாரர்களில் பாதிப் பேரோ அவர்களின் பிரதிநிதிகளோ வந்திருக்க வேண்டும் என்பது கூடுதல் நிபந்தனை.

இந்தக் கணக்கைத் தீர்மானத்தின் முதல் வரியிலேயே எழுதுங்கள் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் பட்ட அனுபவம்தான். ஓர் ஊரில் 60 பேருக்கு மேல் கூடி, இரவு பத்து மணி வரை பேசி, நிறைவான முடிவெடுத்தார்கள். கையெழுத்துப் பக்கத்தில் ஆண், பெண் என்று பிரிக்காமல் கைரேகைகளை மட்டும் வரிசையாக வைத்து அனுப்பிவிட்டோம். மூன்று மாதம் கழித்து, பெண்கள் எத்தனை பேர் என்று தெரியாததால் குறைவெண் வரம்பு (கோரம்) நிறைவேறியதாகக் கொள்ள இயலவில்லை என்று பதில் வந்தது. அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் அதிகம் பேசியவர்கள் பெண்கள்தான். தாளில் அது இல்லை. அதன்பிறகு கையெழுத்துப் பக்கத்தில் நான்கு கட்டங்கள் போடும் வழக்கத்தை வைத்துக்கொண்டோம்: வரிசை எண், பெயரும் தந்தை அல்லது கணவர் பெயரும், ஆண் அல்லது பெண், கையெழுத்து அல்லது கைரேகை. கைரேகை வைப்பவரின் பெயரை எழுதியவர் யார் என்பதையும் அடியில் குறித்துக்கொள்வது நல்லது.

முதல் கூட்டத்தில் செய்ய வேண்டிய ஒரே வேலை வன உரிமைக் குழுவைத் தேர்ந்தெடுப்பது. அதில் 10-க்குக் குறையாமலும் 15-க்கு மிகாமலும் உறுப்பினர்கள் இருக்க வேண்டும். மூன்றில் இரண்டு பங்கினர் பழங்குடியினராகவும், மூன்றிலொரு பங்கினர் பெண்களாகவும் இருக்க வேண்டும். குழுவே தன் தலைவரையும் செயலரையும் தேர்ந்தெடுத்து உட்கோட்டக் குழுவுக்குத் தெரிவிக்கும். செயலர் பொறுப்புக்குப் பள்ளி முடித்த இளைஞர் ஒருவரைப் போடுவதே வழக்கம். அவர் வேலைக்காகச் சமவெளிக்கு இறங்கிவிட்டால் நோட்டும் அவரோடு இறங்கிவிடும் என்பதையும் எண்ணிப் பாருங்கள். ஊரிலேயே இருக்கும் மகளிர் குழுப் பெண் ஒருவரை எழுதப் பழக்கிவிடுவது இதைவிட உறுதியானது.

உரிமை விண்ணப்பமும் பொது வசதியும்

இரண்டும் ஒரே சட்டத்தில் இருந்தாலும் பாதைகள் வேறு. தனிநபர் நிலத்துக்கு ‘ஏ’ படிவம், மேய்ச்சல், தேன், நெல்லிக்காய், மீன் போன்ற சமூக உரிமைகளுக்கு ‘பி’ படிவம், ஊர் மரபாகக் காத்துவந்த காட்டையே நிர்வகிக்கும் சமூக வன வள உரிமைக்கு ‘சி’ படிவம் என்று பிரித்துக் கொடுக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் குறைந்தது இரண்டு சான்றுகள் வேண்டும். ஊர்ப் பெரியவரின் வாக்குமூலத்தை எழுதி வாங்கியதும் ஒரு சான்றே. சுடுகாடு, சாமிக்கல், பழைய வீட்டு மேடை போன்ற அடையாளங்களும் சான்றே. செயற்கைக்கோள் படம் இல்லை என்பதற்காக மட்டும் யாரும் விண்ணப்பத்தைத் தள்ள முடியாது. நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். கிராம சபையின் முடிவை எதிர்த்து உட்கோட்டக் குழுவிடமும், அதன் முடிவை எதிர்த்து மாவட்டக் குழுவிடமும் 60 நாளுக்குள் முறையிடலாம். இதைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்; இங்கு இவ்வளவு போதும்.

பொது வசதிக்கு இந்த விண்ணப்பங்கள் முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பள்ளி, மருந்தகம் அல்லது மருத்துவமனை, அங்கன்வாடி, நியாயவிலைக் கடை, மின்சார மற்றும் தொலைத்தொடர்புக் கம்பிகள், குளங்களும் சிறு நீர்நிலைகளும், குடிநீர் வழங்கலும் குழாய்களும், மழைநீர் சேமிப்பு அமைப்புகள், சிறு பாசனக் கால்வாய்கள், மரபுசாரா எரிசக்தி, தொழிற்பயிற்சி மையம், சாலை, சமுதாயக் கூடம் என்று சட்டமே பட்டியலிட்டிருக்கிறது. நிபந்தனைகள் நான்கு: வசதி அரசால் நிர்வகிக்கப்படுவதாக இருக்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் எடுக்கும் வன நிலம் ஒரு ஹெக்டேருக்குக் குறைவாக இருக்க வேண்டும், வெட்டும் மரம் ஹெக்டேருக்கு 75-ஐத் தாண்டக் கூடாது, கிராம சபை பரிந்துரைக்க வேண்டும்.

இந்த எண்களை ஊரில் ஒரு சாக்பீஸ் துண்டை வைத்துக்கொண்டு தரையில் கணக்குப் போட்டுப் பார்த்துவிட வேண்டும். ஒரு ஹெக்டேர் என்பது 10,000 சதுர மீட்டர். 3.75 மீட்டர் அகலத்தில் ஒருவழிச் சாலை என்றால் 2,600 மீட்டர் நீளம் வரை ஒரு ஹெக்டேருக்குள் அடங்கும். அதையே ஓரங்களோடு சேர்த்து 6 மீட்டராக எடுத்தால் 1,600 மீட்டரோடு முடிந்துவிடும். ஊற்றிலிருந்து 3 கிலோமீட்டர் தூரம் குழாய் இறக்க ஒரு மீட்டர் அகலத்தில் பள்ளம் வெட்டினால் ஆவது 0.3 ஹெக்டேர்தான், அந்த விகிதத்தில் வெட்டத்தக்க மரம் 22. பெரும்பாலான குழாய்ப் பாதையை மரமே வெட்டாமல் வளைத்துக்கொண்டு போய்விடலாம் என்பது காட்டைத் தெரிந்தவருக்குத் தெரியும். ஒரு துறையின் பொறியாளர் நேர்க்கோடாகப் போட்டுவந்த வரைபடத்தில் 40 மரம் இருந்ததை, ஊர்க்காரர் ஒருவர் விலங்குத் தடத்தையொட்டிக் காட்டிக் கொடுத்த பாதையால் மூன்றாகக் குறைத்ததைப் பார்த்திருக்கிறேன். எனவே பொறியாளர் வருவதற்கு முன்பாகவே ஊரார் பாதையை நடந்து முடித்திருக்க வேண்டும்.

எதை முதலில் கேட்பது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. பெரும்பாலான ஊர்கள் சாலையை முதலில் கேட்கின்றன. நோயாளியைத் தொட்டில் கட்டித் தோளில் சுமந்து இறக்கியவர்கள் வேறெதையும் முதலில் கேட்க மாட்டார்கள் என்பது நியாயம்தான். ஆனால் சாலைதான் அதிக நிலம், அதிக மரம், அதிக ஆட்சேபணை, அதிகக் காலம் எடுப்பது. தண்ணீரையும் அங்கன்வாடியையும் முதலில் எடுத்துக்கொண்டு ஒரு கோப்பை முழுமையாக முடித்துப் பார்த்த ஊர், அலுவலர்களையும் படிவங்களையும் பழகிக்கொண்டு சாலைக்குப் போகும்போது வழிதவறுவதில்லை. அங்கன்வாடியைக் கேட்க எண்ணிக்கையும் துணைக்கு வரும். மலை, பழங்குடிப் பகுதிகளில் 300 பேருக்கே ஒரு முழு மையம் என்பதும், ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் 40 பேர் இருந்தால் கோரிக்கையின் பேரில் மையம் பெறலாம் என்பதும் ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தின் நெறிமுறைகள். தொடக்கப் பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது கல்வி உரிமைச் சட்டத்தின் மத்திய விதி. துணை சுகாதார நிலையம் சமவெளியில் 5,000 பேருக்கு என்றால் மலையில் 3,000 பேருக்கு. மனுவில் உங்கள் ஊரின் எண்ணிக்கையை இந்த எண்களுக்குப் பக்கத்தில் வைத்து எழுதுங்கள்.

இரண்டு தீர்மானங்கள்

ஊருக்கு வசதி வேண்டும் என்று கேட்பதும், அந்த வசதிக்கு இந்த நிலத்தை எடுக்கலாம் என்று பரிந்துரைப்பதும் இருவேறு செயல்கள். முதல் தீர்மானம் துறைக்குப் போகும்: குடிநீர் என்றால் வட்டார வளர்ச்சி அலுவலருக்கு, அங்கன்வாடி என்றால் குழந்தைகள் வளர்ச்சித் திட்ட அலுவலருக்கு. இதன் அடிப்படையில் துறை தன் நிதியை உறுதிசெய்து, நிலத்தின் அளவு, மரங்களின் எண்ணிக்கை ஆகியவற்றோடு உரிய படிவத்தில் முன்மொழிவு தயாரித்து ஊரின் கிராம சபை முன் வைக்க வேண்டும். அதைப் படித்துக் கேட்டு, நடந்து பார்த்து, ஊர் எடுப்பதே இரண்டாவது தீர்மானம். பழங்குடியினர் நல அமைச்சகம் 2009 மே மாதத்தில் வெளியிட்ட நடைமுறையின்படி, துறை அந்தத் தீர்மானத்தோடு முன்மொழிவை வனச்சரகரிடம் கொடுக்கும். அவர் மூன்று வாரத்தில் நேரில் பார்வையிட்டு மாவட்ட வன அலுவலருக்கு அறிக்கை தர வேண்டும். மாவட்ட வன அலுவலர் நான்கு வாரத்தில் முடிவெடுக்க வேண்டும். அவருக்கு உடன்பாடில்லை என்றால் கோப்பைத் தன் மேசையில் முடித்துவிட முடியாது. மாவட்ட ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழுவுக்கு அனுப்ப வேண்டும்.

“எங்கள் ஊருக்குத் தண்ணீர் வசதி செய்து தர வேண்டும் என ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது” என்ற வகைத் தீர்மானத்தால் பயனில்லை; அதை வைத்து எந்த அலுவலராலும் எதுவும் செய்ய முடியாது. இரண்டாவது தீர்மானம் கிட்டத்தட்ட இப்படி இருக்க வேண்டும்:

“(ஊர் பெயர்) கிராம சபைக் கூட்டம் (நாள்) அன்று காலை 10 மணிக்கு ஊர்ச் சமுதாய மேடையில் நடைபெற்றது. ஊரின் மொத்த வயதுவந்தோர் 86 பேரில் 58 பேர் கலந்துகொண்டனர். அவர்களில் பெண்கள் 27 பேர். எங்கள் ஊருக்கு மேற்கே உள்ள (ஊற்றின் பெயர்) ஊற்றிலிருந்து ஊரின் நடுவே அமையவுள்ள 10,000 லிட்டர் தொட்டி வரை 1,400 மீட்டர் நீளத்துக்கும் 1 மீட்டர் அகலத்துக்கும் குழாய் அமைக்க (துறையின் பெயர்) அளித்த முன்மொழிவு கூட்டத்தில் படித்துக்காட்டப்பட்டது. வன உரிமைக் குழுவினர் அப்பாதையை (நாள்) அன்று நேரில் நடந்து பார்த்தனர். இதற்குத் தேவைப்படும் வன நிலம் 0.14 ஹெக்டேர், மரம் வெட்ட வேண்டியதில்லை. ஊற்றில் விலங்குகள் குடிக்கும் கீழ்க்கிண்ணம் எப்போதும் நிரம்பியிருக்கும்படி, மேல்மட்டத்தில் வழியும் நீரை மட்டுமே குழாயில் எடுக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு, வன உரிமைச் சட்டம் 2006, பிரிவு 3(2)-இன் கீழ் இந்த நிலத்தை ஒதுக்க இக்கிராம சபை பரிந்துரைக்கிறது.”

விலங்குக்கு விட்ட அந்த நீர் அலங்காரத்துக்காகச் சேர்க்கப்பட்டதன்று. ஊற்று முழுவதையும் குழாயில் அடைத்தால் கோடையில் யானை தொட்டியைத் தேடி ஊருக்குள் வரும் என்பது அங்கு வாழ்பவர்களுக்குத் தெரியும். கிராம சபை நிபந்தனை விதிக்கலாம், மாற்றுப் பாதை கேட்கலாம், பரிந்துரைக்க மறுக்கவும் செய்யலாம். ஒடிசாவின் நியம்கிரி மலையில் பாக்சைட் சுரங்கம் வேண்டுமா என்ற கேள்வியை 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கிராம சபைகளிடமே விட்டது. டோங்கிரியா கோந்த் மக்கள் வாழும் அந்தப் பகுதியின் 12 கிராம சபைகளும் அதே ஆண்டு ஒன்றுவிடாமல் வேண்டாம் என்று தீர்மானித்தன. மறுக்கும் உரிமை இருப்பதால்தான் பரிந்துரைக்கும் உரிமைக்கு மதிப்பு. அலுவலர் எழுதிக் கொண்டுவந்த தீர்மானத்தில் கடைசிப் பக்கத்தை மட்டும் திருப்பிக் கையெழுத்துக் கேட்டால், முதல் பக்கத்திலிருந்து படித்துக் காட்டும்படி கேளுங்கள்; அவசரம் என்றால் நகலை வாங்கி வைத்துக்கொண்டு அடுத்த கூட்டத்தில் முடிவு சொல்வதாக எழுதிக் கொடுங்கள்.

தாளைக் கொடுத்த பிறகு

எந்த மனுவையும் தபால் பிரிவில் கொடுத்து, நகலில் நாளோடு கூடிய முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள். “ரேஞ்சரய்யா கேம்ப் போயிருக்கிறார், வைத்துவிட்டுப் போங்கள்” என்று சொன்னால், பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு அனுப்பிவிடலாம். மூன்று வாரம், நான்கு வாரம் என்ற கெடுக்கள் அந்த முத்திரை நாளிலிருந்துதான் ஓடும். கெடு முடிந்தும் அசையவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய்க் கட்டணத்தோடு, “எங்கள் கிராம சபையின் இந்த நாளிட்ட தீர்மானம் யாருடைய மேசையில், எந்த நாளிலிருந்து இருக்கிறது, அதன் குறிப்புப் பக்கங்களின் நகல் வேண்டும்” என்று கேளுங்கள். வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவருக்கு அந்தக் கட்டணமும் இல்லை. 30 நாளில் பதில் தர வேண்டும். பல கோப்புகள் அந்தப் பதிலை எழுதுவதற்காகவே மேசையிலிருந்து எழுகின்றன.

இந்தச் சட்டத்தை மீறும் அலுவலர் மீது நடவடிக்கை கோரிக் கிராம சபை மாநிலக் கண்காணிப்புக் குழுவுக்கு 60 நாள் அறிவிப்பு கொடுக்கலாம் என்றும் சட்டத்தில் இருக்கிறது. அபராதம் அதிகபட்சம் 1,000 ரூபாய் என்பதைப் பார்த்துச் சிரிப்பவர்கள் உண்டு. ஆனால் தன் பெயர் அந்த அறிவிப்பில் வருவதை எந்த அலுவலரும் விரும்புவதில்லை. ஆகவே அதைக் கடைசியில் மட்டுமே பயன்படுத்துங்கள்.

சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் என்றால் இதெல்லாம் செல்லாது என்று சொல்லப்படுவதைப் பல இடங்களில் கேட்கலாம். சட்டத்தின் 2(டி) பிரிவு ‘வன நிலம்’ என்பதில் சரணாலயங்களையும் தேசியப் பூங்காக்களையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. அங்குள்ள ஊர்களின் உரிமைகளும் சரிபார்த்து ஏற்கப்பட வேண்டியவையே. அந்தப் பணி முடியும்வரை யாரையும் வெளியேற்றக் கூடாது என்கிறது 4(5) பிரிவு. மறுப்பு வாய்மொழியாக வந்தால், எந்தப் பிரிவின் கீழ் மறுக்கிறீர்கள் என்பதை எழுத்தில் கேளுங்கள்.

நிதி எங்கிருந்து வரும் என்பதையும் ஊர் அறிந்திருப்பது நல்லது, ஏனெனில் நிதியுள்ள துறையே முன்மொழிவைத் தயாரிக்கும். தமிழ்நாட்டில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறும் மிகவும் பாதிப்புக்குள்ளாகும் பழங்குடிகள் என வகைப்படுத்தப்பட்டவை. அவர்களுக்கென்று 2023 நவம்பர் 15 அன்று பிரதமரின் ஜன்மன் திட்டம் தொடங்கப்பட்டது. வீடு, சாலை, குடிநீர், அங்கன்வாடி, நடமாடும் மருத்துவ வண்டி, மின்சாரம் போன்றவை அதில் அடங்கும். பிற பழங்குடி ஊர்களையும் உள்ளடக்கி 2024 அக்டோபர் 2 அன்று தர்தி ஆபா திட்டம் தொடங்கப்பட்டது. உங்கள் ஊரின் பெயர் இவற்றின் பட்டியலில் இருக்கிறதா என்பதைப் பழங்குடியினர் நல அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். ஒரே ஊரை வருவாய்த்துறை ஒரு பெயரிலும், வனத்துறை இன்னொரு பெயரிலும், ரேஷன் அட்டை மூன்றாவது பெயரிலும் எழுதியிருக்கும். பட்டியலில் காணோம் என்று சொல்வதற்கு முன் மூன்றையும் தேடிப் பாருங்கள். தீர்மானங்களிலும் “வருவாய்ப் பதிவில் இன்ன பெயர்” என்று ஒருமுறை குறித்துவிட்டால் பின்னால் வரும் குழப்பம் பாதியாகும்.

வசதி வந்த பின்னும் கிராம சபைக்கு வேலை உண்டு. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் மெந்தா லேகா என்னும் கோண்டு ஊர், “தில்லியிலும் மும்பையிலும் எங்கள் அரசு, எங்கள் ஊரில் நாங்களே அரசு” என்ற முழக்கத்தோடு, எல்லோரும் ஒத்துக்கொள்ளும்வரை பேசியே முடிவெடுக்கும் வழக்கத்தைப் பல ஆண்டுகளாகக் காத்துவந்தது. 2009-இல் 1,800 ஹெக்டேருக்கு மேற்பட்ட காட்டின் மீது சமூக உரிமை பெற்ற முதல் ஊர்களில் ஒன்றான அது, 2011-இல் தன் மூங்கிலை வெளியே கொண்டுசெல்லத் தானே அனுமதிச் சீட்டு வழங்கும் உரிமையையும் பெற்றது. அங்கே முதலில் வந்தது பேசிப் பழகும் வழக்கம். உரிமைச் சான்று அதற்குப் பின்னால் வந்ததுதான். உங்கள் ஊரிலும் அங்கன்வாடிப் பணியாளர் மாதத்தில் எத்தனை நாள் வந்தார், தொட்டி எப்போது கழுவப்பட்டது, குழாய் எந்த இடத்தில் உடைந்தது என்பவற்றை ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்டு எழுதுங்கள். ஓராண்டுக் குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு வட்டார அலுவலகத்துக்குப் போகும்போது, “சரியாகச் செய்வதில்லை” என்று புகார் சொல்ல வேண்டியிருக்காது. எந்த வாரம், எத்தனை நாள் என்று வாசித்தாலே போதும்.

தீர்மான நோட்டு கட்டு போட்ட, பக்க எண் அச்சிட்ட நீள நோட்டாக இருக்கட்டும்; தனித்தாள்கள் மழையில் போய்விடும். மலை ஈரத்தில் மை பரவுவதால் பால்பாயின்ட் பேனாவால் எழுதி, ஒவ்வொரு தீர்மானம் முடிந்ததும் கைப்பேசியில் படமெடுத்துக் குழுவில் குறைந்தது மூன்று பேரிடம் வைத்துக்கொள்ளுங்கள். நோட்டை மூப்பன் வீட்டுப் பரணில், அரிசிக்குப் பக்கத்தில் இல்லாமல், அடுப்புப் புகைபடும் இடத்தில் தகரப் பெட்டிக்குள் வையுங்கள். புகையிருக்கும் இடத்துக்குக் கரையான் வராது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தது ஒரு பாட்டிதான். அவரது விதையும் அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.